யன்னலில் வைக்கும் விளக்கு

சூரிச்சில் நான் கிளீனிங் செய்யப் போகும் வீடுகளில் ஒன்று ஒரு யூத அம்மாவுடையது. கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர். சனிக்கிழமை அங்கே போக முடியாது. அன்று அவர்களுக்கு வேலையும் இல்லை, நெருப்பு மூட்டுவதும் இல்லை. டிசம்பரை ஒட்டி வரும் ஹனுக்கா அப்படியல்ல. கடை திறந்திருக்கும், பள்ளிக்கூடம் நடக்கும், நானும் வாளியோடு போகலாம். சின்னப் பண்டிகைதான் என்று அவரே சொல்வார். ஆனால் வருஷம் முழுக்க அதற்குத்தான் காத்திருப்பார்.

முன்னொரு காலத்தில் அவர்கள் பகைவரிடமிருந்து மீட்ட கோயிலில் ஒருநாளைக்கு மட்டும் எண்ணெய் இருந்ததாம்; அது எட்டு நாள் எரிந்ததாம். அதனால் முதல்நாள் ஒரு திரி, பிறகு நாளுக்கொன்று கூட்டி எட்டு. விளக்கைத் தெருவுக்குத் தெரிய யன்னலில் வைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் வாசிக்கக் கூடாது, தைக்கக் கூடாது. அது எரியும்போது பெண்கள் வேலையில் கை வைக்கவும் கூடாது. அது எரியும் அரைமணி நேரம் என்னையும் இருத்திவிடுவார்; எனக்குப் பெரிய தொல்லை. சும்மா இரு என்றால் எனக்கு விசர் பிடிக்கும்.

போன ஹனுக்காவின் முதல்நாள் பொழுதுபட நான் முன்னறைக்குள் போனபோது, அவர் விளக்கைக் கையில் வைத்தபடி யன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். இந்த வருஷம் யன்னலில் வைக்க வேண்டாம் என்று மகன் தொலைபேசியில் சொன்னானாம். தெருவில் யூதரைக் கண்டால் ஏசுகிறார்கள், அடித்தும் இருக்கிறார்கள்.

“ஆபத்துக் காலத்திலை மேசையிலை வைக்கலாம் எண்டு எங்கடை சட்டமே சொல்லுது,” என்றார். அவர் பேசியது ஜெர்மன். என் நினைவில் நிற்பது எங்கள் தமிழில். “ஆனா இது ஆபத்துக் காலமோ? நீர் சண்டைக்குள்ளாலை வந்தனீர். நீர் சொல்லும்.”

அட கடவுளே, என்னிடமா கேட்க வேண்டும்! பிளேன் சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணைத்து வளர்ந்தவள் நான். இங்கே வந்து இத்தனை வருஷமாகியும், பொழுதுபட்டால் முதல் வேலை திரையை இழுத்து மூடுவதுதான். எட்டிப் பார்த்தேன். கீழே ட்ராம் தரிப்பிடத்தில் சனம் நின்றது. யார் நல்லவன், யார் கல்லோடு வந்தவன், எனக்கெப்படித் தெரியும்?

“ஓம், ஆபத்துத்தான். மேசையிலை வையுங்கோ,” என்றேன்.

மேசையில் வைத்தார். நெருப்புக்குச்சியைக் கிழித்தார். திரியில் வைக்கவில்லை; அது விரல்வரை எரிந்தது, ஊதி அணைத்தார். இன்னொன்றைக் கிழித்தார். அதுவும் அப்படியே.

“என்ரை அம்மா ஒளிச்சுத்தான் கொளுத்தினவ,” என்றார். “எனக்கு அந்த நிலை வராதெண்டு நினைச்சன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மகன் மேலா, தெருவின் மேலா, என் மேலா, தெரியவில்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் யன்னலில் வைத்தேன். திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கினேன். அவர் பிரார்த்தனையை முணுமுணுத்துக் கொளுத்தினார்.

இனி வேலை செய்யக் கூடாது. கதிரையை இழுத்து, அவருக்கும் யன்னல் கண்ணாடிக்கும் நடுவில் போட்டு இருந்தேன். ஒவ்வொரு ட்ராமுக்கும் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கீழே ஒருவன் நின்று அண்ணாந்து பார்த்தான். போகிறானில்லை. அப்போது பார்த்து என் கணவரிடமிருந்து ஃபோன் வந்தது.

“எங்கை நிக்கிறீர்? இன்னும் வேலை முடியேல்லையோ?”

“யன்னலடியிலை இருக்கிறன்.”

“அங்கை இருந்து என்ன செய்யிறீர்?”

“பயப்பிடுறன்,” என்றேன். “விளக்கு எரிஞ்சு முடியட்டும், வாறன்.”