ஆண்டாயி ஓடிய இருபத்தெட்டு மைல்

ஆண்டாயி அண்ணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் அப்படி ஓடியதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் எங்கள் தெருவில் நாலு எழுத்து படித்தவன் நான் மட்டும்தான். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊர் செட்டிகுளத்துக்கு மேற்கே இருக்கிறது. அது எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, பங்குனி மாதம். அண்ணியின் புருஷன் தர்மன், ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் வேலைக்குப் போய்விட்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வீட்டில் அண்ணி, பதினோரு வெள்ளாடு, செவலை என்ற நாய், அவ்வளவுதான். பட்டியில் நரி புகுந்தாலும் வீட்டில் திருடன் புகுந்தாலும் செவலை பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் அண்ணி கதவைச் சாத்தாமல் தூங்குவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "பெத்திருந்தாகூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டிருக்காது" என்று செவலையின் தலையைத் தடவிக்கொண்டே சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை செவலை வாயைத் திறந்தபடியே நின்றது. வாயை மூட முடியவில்லை. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஊருக்கு இது போதாதா? போன வருஷம்தான் பக்கத்து ஊரில் ஒரு பையனை வெறிநாய் கடித்து, அவன் தண்ணீரைக் கண்டு அலறி அலறிச் செத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணி வீட்டு முன்னால் பன்னிரண்டு பேர் நின்றோம்.

"வெறி புடிச்சிருச்சு ஆண்டாயி. அடிச்சுப் போட்டுருவோம். புள்ளகுட்டி இருக்குற ஊரு" என்றார் நாட்டாண்மை ராசாங்கம்.

"வெறியெல்லாம் இல்லீங்க. ராத்திரி பூரா என் பக்கத்துலதான் படுத்திருந்துச்சு. டாக்டரு பாத்துச் சொல்லட்டும்."

"பெரம்பலூருக்கு யாரு தூக்கிட்டுப் போறது?"

"நான்தான். வேற யாரு போவா?"

ராசாங்கம் கெட்டவர் இல்லை. "சரி போ. பொழுது சாயறதுக்குள்ள வெறி இல்லேன்னு டாக்டர் கையால சீட்டு வாங்கிட்டு வா. இல்லேன்னா நாயோட வந்தாலும் ஊர் எல்லையிலயே அடிச்சிருவோம்."

நானும் சும்மா இருக்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிய மூடிருவாங்க அண்ணி" என்று என் அறிவைக் காட்டினேன். பெரம்பலூர் பதினாலு மைல். உதவிக்கு வருகிறேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அண்ணி செவலையின் கால்களைக் கட்டி, எரு அள்ளும் கூடையில் படுக்க வைத்தாள். வெயிலுக்கு ஈரத்துணி மூட வேண்டும். மாற்றுச்சேலை என்று அவளிடம் இருந்ததே ஒரு மஞ்சள் சேலைதான். அதை நனைத்து மூடினாள். எச்சிலுக்கு ஈ மொய்க்கிறதே என்று வேப்பங்கொத்தை ஒடித்துக் கூடையைச் சுற்றிச் செருகினாள். சும்மாட்டின் மேல் கூடையை வைத்ததும் கிளம்பிவிட்டாள்.

ஆலத்தூர் கேட் வரை நடையும் ஓட்டமுமாகப் போனாள். அங்கே வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"இத ஏத்துனா பாசஞ்சரெல்லாம் எறங்கி ஓடிருவாங்க. வேற வழி பாரும்மா."

பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு நடை என்ற பேச்சே இல்லை, ஒரே ஓட்டம்தான். ஆடு மேய்க்கிறவர்களின் ஓட்டம் தனி. கால் மட்டும்தான் ஓடும், இடுப்புக்கு மேலே ஆடாது. கூடையைத் தொட்டுப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேலே செவலை முனகும்போதெல்லாம் "இந்தா வந்துருச்சுடா, இந்தா வந்துருச்சு" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

சிறுவாச்சூரில்தான் சிக்கினாள். வெள்ளிக்கிழமை அங்கே அம்மன் கோயில் நடை திறந்திருக்கும், ரோடு வரை ஜனம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெண்பிள்ளை தலைவிரி கோலமாக, வியர்வை ஆறாக ஓட, மஞ்சள் துணியும் வேப்பிலையும் வைத்த பாரத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் ஏந்தி ஓடி வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"ஆத்தா வரா, வழி வுடுங்க" என்றாள் ஒருத்தி. குலவைச் சத்தம் கிளம்பியது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. நாலு பேர் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார்கள். தாண்டவும் முடியவில்லை, மிதிக்கவும் முடியவில்லை.

"உள்ள நாயிங்க இருக்குது. வுடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று அண்ணி கத்தினாள்.

அருள்வாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துச் செவலை உறுமவும், குலவை இரண்டு மடங்கானது.

ஜெகதாம்பாள் என்று ஓர் அம்மாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தாயி, என் மவளுக்கு எப்பக் கல்யாணம்னு ஒரு வாக்குச் சொல்லிட்டுப் போ."

"எல்லாம் நடக்கும், மொதல்ல சேலைய வுடுடி" என்றாள் அண்ணி. அந்த அம்மாள் அழுதுகொண்டே கும்பிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஜனம்தான் அண்ணியைக் காப்பாற்றியது. பம்பைக்காரர் இரண்டு பேர் முன்னால் அடித்துக்கொண்டே ஓட, மாட்டுவண்டி, சைக்கிள், லாரி எல்லாம் ஒதுங்கின. நிற்க வேண்டிய இடத்திலும் நிற்காமல் ஊரைக் கடந்தாள். பயமும் இருந்தது. "தாயே, உன் பேர்ல நான் ஒண்ணும் வேஷம் போடல, நீயே பாத்துக்க" என்று கோயில் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஓடினாளாம். இதெல்லாம் அவள் வாயால் கேட்டது. சொல்லச் சொல்லக் கூட்டம் பெருத்துக்கொண்டே போகும். நான் பாதியைக் கழித்துத்தான் எழுதுகிறேன்.

பெரம்பலூர் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். அண்ணியால் பேச முடியவில்லை. கூடையை இறக்கி, கையால் காட்டினாள். டாக்டர் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். கிடுக்கியை உள்ளே விட்டு ஒரு திருகு, ஓர் இழுப்பு. அவ்வளவுதான். மேல்வாயில் குறுக்கே மாட்டியிருந்த ஆட்டெலும்புத் துண்டு டிரேயில் டங்கென்று விழுந்தது.

"இதுதாம்மா வெறி" என்றார் டாக்டர். ஊசி போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தார். எதற்கும் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்கச் சொன்னார்.

செவலை வாயை மூடியது. முந்தின நாளிலிருந்து திறந்தே கிடந்த வாய். அண்ணி அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்ததும் பால் வாங்கி அதற்கு ஊற்றிவிட்டு, மடியில் சீட்டைச் செருகிக்கொண்டு திரும்பவும் ஓடினாள். இந்த முறை செவலையும் கூட ஓடியது. களைத்தால் கூடையில் ஏறும், தெம்பு வந்தால் குதித்து இறங்கும். பொழுது இறங்க இறங்க இரண்டு பேரும் சூரியனைத் துரத்துகிற மாதிரி மேற்கே வந்தார்கள்.

எல்லையில் நாங்கள் தடியோடு நின்றோம். சூரியன் பனைமரத்துக்குக் கீழே போயிருந்தது. ஆனால் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

"இந்தாங்க சீட்டு" என்று ராசாங்கத்திடம் நீட்டினாள். பதினாலு மைல் வியர்வை, மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. வாங்கிப் பார்த்த நானும் தலையை ஆட்டினேன். ஓர் எழுத்துகூடத் தேறவில்லை.

"தண்ணி வச்சுப் பாத்துருவோம். வெறி நாயி தண்ணி குடிக்காது" என்றார் ராசாங்கம். சட்டியில் தண்ணீர் வந்தது. செவலை அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணியின் முகம் செத்துப்போனது.

"இப்பத்தான் ஏரியில வவுறு முட்டக் குடிச்சுது. நான்தான் குடிக்க வுட்டேன், புத்தி கெட்டவ" என்றாள்.

யாரும் நம்பவில்லை. நானும்தான். பன்னிரண்டு பேரும் ஓர் அடி முன்னால் வைத்தோம்.

அண்ணி ஓடவில்லை, கெஞ்சவும் இல்லை. மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, செவலையின் வாயைத் திறந்து, தன் வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.

"அடிங்க. வெறின்னா எனக்கும் சேத்துத்தானே. ரெண்டு பேரையும் அடிங்க."

செவலை வாலை ஆட்டிக்கொண்டு, பல் படாமல், அந்தக் கையை வாயில் வைத்தபடி நின்றது.

"கைய எடு ஆண்டாயி" என்றார் ராசாங்கம்.

"மொதல்ல நீங்க தடியப் போடுங்க."

அவர் போட்டார். ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். அண்ணி கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த பிறகுதான் என் கையில் இன்னும் தடி இருப்பது எனக்கே தெரிந்தது. அது கீழே விழுந்த பிறகுதான் அவள் கையை வெளியே எடுத்தாள்.