இல்லாத சின்னம்மாவும் நீர்கொழும்புக் கடலும்

கல்யாணமாகி ஏழு மாதம் வரைக்கும் என் வீட்டுக்காரரோடு நான் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச இடம்தான் இல்லை. ஐம்பதுகளின் கடைசி அது, எனக்குப் பத்தொன்பது வயது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா. அதற்குள் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார், நாங்கள் இரண்டு பேர். நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் புதுமாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் குடித்தனம் நடத்துவதாகப் பேர். நான் கொஞ்சம் பெருமூச்சு விட்டால் போதும், "என்ன புள்ள, மேலுக்கு முடியலையா?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் கேட்பார். பக்கத்துக் காம்பராவோடு சேர்ந்த சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. அங்கே யாராவது தும்மினால் இங்கேயிருந்து நாங்கள் 'நூறு' சொல்லுவோம்.

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை. ஒருமுறை தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியோடு கொழும்புக்குப் போனவர், டிரைவர் தயவில் நீர்கொழும்பு வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். அவருக்குப் பிடித்தது போதாதென்று எனக்கும் பிடித்தது.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நான் வரும் பாதையும், ஃபேக்டரியிலிருந்து அவர் வரும் பாதையும் ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் விழும் இடத்துக்கு மேலே ஒரு முடக்கில் சேரும். அங்கே ஒரு தைல மரம். அந்த மரத்தடியில் பத்து நிமிடம் நின்றால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பதினொன்றாவது நிமிடம் யாராவது இருமிக்கொண்டு வருவார்கள். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களாகத்தான் எங்கள் பயணத்தைக் கட்டினோம்.

"கடக்கரை மண்ணு சுடும் புள்ள," என்றார் ஒருநாள்.

"மண்ணு சுடுமா?"

"வெறுங்காலோட நின்னா அடுப்பு முன்னால நிக்கிற மாதிரி இருக்கும்."

நான் நம்பவில்லை. எங்களுக்குத் தரை என்றாலே ஈரம்தான். காலையில் மலைக்குப் போனால் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டும். சுடுகிற மண் என்று ஒன்று இருக்கிறதென்றால், அது எதற்கு நீர்கொழும்புக்காரர்களுக்கு மட்டும்? எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு பல நாள் நான் மலையில் இருந்தேனா கடலில் இருந்தேனா என்று எனக்கே தெரியாது. கொழுந்து பறிக்கிற கைக்கு மனசு தேவையில்லை, கை தன்பாட்டில் பறித்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருக்கும். பனி இறங்கி, முன்னால் நிற்பவளின் முதுகு மறைந்து, அடுத்த நிரையில் பேசுகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். அந்த நேரத்தில் நான் நீர்கொழும்பில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருப்பேன். உள்ளே ஒரு அறை, ஒரு பாய், ஒரு ஜன்னல். திரை இல்லை. நான் தொண்டை கிழிய "என்னங்க!" என்று கூப்பிடுவேன். அவர் எங்கோ தண்ணீர் ஓரத்திலிருந்து "என்னா புள்ள!" என்று அதே மாதிரி கத்துவார். அவ்வளவுதான் என் கனவு. கடலைவிட எனக்கு அந்தக் கத்தல்தான் வேண்டியிருந்தது.

தங்குகிற இடத்தை பஜாரில் கடை வைத்திருந்த நானா பார்த்துக் கொடுத்தார். துணிமணி, அரிசி, கருவாடு என்று எல்லாம் விற்கிற முஸ்லிம் முதலாளி அவர். "என்ட ராத்தாட ஊடு கடலுக்குக் கிட்டத்தான் ஈக்குது. கொழும்பாளுகளுக்கு வாடகைக்கு உடுற அறை ஒண்டு சும்மா கெடக்கு. நான் துண்டு ஒண்டு எழுதித் தாரன், போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாங்கொ," என்றார். தன் அக்காவுக்கு அவர் எழுதிய அந்தத் துண்டை என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் தலவாக்கலை. அங்கேயிருந்து ரயில். கோட்டையில் இறங்கி நீர்கொழும்பு பஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கடல். திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரிக்க எல்லாரையும் நிறுத்துகிற வரிசையில், நாங்களும் வந்து நின்றுவிட வேண்டும். எல்லாம் பேசி முடித்தோம். கம்பளி கொண்டுபோவதா வேண்டாமா என்பதில் மட்டும் மூன்று நாள் சண்டை.

"அங்க வேர்க்கும் புள்ள."

"வேர்க்கட்டும். கம்பளி இல்லாம நான் எங்கயும் வரமாட்டேன்."

ஏழு மாதத்தில் எங்களுக்கு வந்த முதல் சண்டை அது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

லீவுதான் கிடைக்கவில்லை. ஒரு பாட்டம் மழை பெய்துவிட்டு வெயில் எறித்ததும் கொழுந்து கண்டபடி கிளம்பிவிட்டது. கங்காணியிடம் போய் நின்றேன். "கொழுந்து முத்துற நேரத்துல லீவா? சாவு கீவு விழுந்தா வா, பாப்போம்," என்றார். மனுஷன் விளையாட்டாகச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

"உசுரோட இருக்கிற யாரையும் சொல்லிராத," என்று என் வீட்டுக்காரர் பயந்தார். அதனால் இல்லாத ஒருத்தியை உண்டாக்கினேன். என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, நீர்கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். என் பிறந்த வீடு வேறு தோட்டம். எங்கள் சொந்தபந்தம் எல்லாம் மாமியாருக்குத் தெரியாது. நானா கடைக்குச் சாமான் கொண்டுவந்த லொறிக்காரர், அவள் செத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறார்கள் என்று சேதி சொன்னதாகச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். கங்காணி, "போயிட்டு வா தாயி," என்றுவிட்டார்.

மக்கு! நான் எந்த உலகத்தில் இருந்தேனோ தெரியாது. லயத்தில் சாவுக்கு யாராவது தனியாகப் போவார்களா? விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு ஒருத்தி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு ஒருத்தர் கூட வருவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பக்கத்துக் காம்பரா அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார். மாமியார் தகரப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். கத்தரிப்பூ நிறம், மடிப்புக் கலையாதது. அவருடைய அண்ணன் எடுத்துக் கொடுத்தது, ஒருநாளும் உடுத்தாதது.

"சம்பந்தி வீட்டு சாவு. கோடி போடாம இருக்க முடியுமா? நானும் வாரேன், ஒங்க மாமாவும் வாராரு," என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முழி பிதுங்கியது. என் கடற்கரை அறைக்குள் பத்துப் பதினைந்து பேர் மாரில் அடித்துக்கொண்டு நுழைவது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது.

அப்படியும் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது மறுநாள் பீலியடியில் நடந்தது. குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டே மாமியார் கேட்டார்.

"ஒங்க சின்னம்மாவுக்கு எத்தன புள்ளைங்க?"

"மூணு."

"கடைசிக்கு என்ன வயசு?"

"அஞ்சு," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? ஆத்தா தூங்குறான்னு நெனச்சுக்கிட்டு இருக்குமே," என்று அழுதார். நான் அழுத மாதிரி அழுகை இல்லை அது. நான் என்ன பெண்பிள்ளை, சீ!

"அத்தை, அப்படிப் புள்ள யாருமில்ல. சின்னம்மாவும் இல்ல."

அழுகை நின்றது. "இல்லாத பொம்பளைக்கா நான் ரெண்டு நாளா கண்ண கசக்குறேன்? எதுக்குடி?"

"ஒங்க மகனோட பேசணும் அத்தை. ரெண்டே நாளு. யாரும் கேக்காம."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. எங்கே தங்குவதாக இருந்தோம், யார் இடம் கொடுத்தது, எத்தனை மணிக்கு பஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொன்னேன். கடைசியில், "கடலு கிட்டயா இருக்கு?" என்று கேட்டார்.

"வாசல்ல நின்னா தெரியுமாம்."

அவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "ஊரு முழுக்கச் சாவு சொல்லியாச்சு. இனிமே யாரும் போகலைன்னா காறித் துப்புவாங்க. சம்பந்திக்காரி நான் போய்த்தான் ஆகணும். நீ வாய மூடிக்கிட்டு இரு."

லயத்துக்குப் போனதும் அவர் அவிழ்த்துவிட்ட பொய்யைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். என் பொய்யெல்லாம் அதன் கால்தூசிக்கு வராது. மருமகள் பீலியடியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். முழுகாமல் இருக்கலாமாம், சாவு வீட்டு வாசல் மிதிக்கக்கூடாதாம். மகன் பக்கத்தில் இருக்கட்டுமாம். கொழும்புப் பக்கம் இத்தனை பேர் போய் அந்த வீட்டுக்காரர்களுக்குச் சிரமம் கொடுப்பானேன், சம்பந்தி இரண்டு பேர் போனால் போதுமாம். கொழுந்தனையும் நாத்தனாரையும் அன்றைக்கே டயகமவில் இருந்த மூத்த மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ராத்திரி திரைக்கு மேலாகக் கையை நீட்டி மகனிடமிருந்து நானாவின் துண்டை வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! ஆசை ஆசையாக நான் கட்டிய பயணத்தை இந்த அம்மா சுருட்டிக்கொண்டு போகிறாரே என்று தூங்காமல் புரண்டேன். பெருமூச்சும் விட்டேன். அன்றைக்கு மட்டும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

விடியற்காலை இருவரும் கோடிச் சேலை மூட்டையோடு இறங்கிப் போனார்கள். முன்னால் மாமனார், எதற்கும் 'ம்' என்று மட்டும் சொல்லுகிற மனிதர். நாலடி பின்னால் மாமியார். அவர்கள் பனிக்குள் மறைந்ததும் நான் உள்ளே வந்தேன். காம்பரா காலியாக இருந்தது. இவ்வளவு பெரிய காம்பராவா இது என்று சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து திரைச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தார்.

கத்தவெல்லாம் முடியவில்லை. சாவு விழுந்த வீடல்லவா? பக்கத்துக் காம்பரா அக்கா வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து, "மனசத் தேத்திக்க புள்ள," என்று தலையைத் தடவிவிட்டுப் போவார். அவர் போனதும் நாங்கள் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரிப்போம். கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து அடுப்பு மூட்டாத அடுப்படி வரைக்கும் போகும். மழை தகரத்தில் விழும்போது கொஞ்சம் குரலை உயர்த்துவோம், விட்டதும் இறக்குவோம். மழை இன்னும் கொஞ்சம் பெய்யாதா என்றிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்காக அவர் ஒரு வருடம் அழுதாராம், அன்றைக்குத்தான் தெரிந்தது. மணவறையில் அவர் மீசையைப் பார்த்து நான் பயந்துபோனதைச் சொன்னேன். கடலைப் பற்றி ஒரு பேச்சுக்கூட வரவில்லை. கடலை அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், மண் சுடத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரண்டு நாள் இருந்த சந்தோஷத்தில் நான் பிறகு எங்கேயும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்குத் தப்படிப்பதற்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். மாமனார் நேரே செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நான் மூட்டையைப் பிரித்தேன். கத்தரிப்பூச் சேலை ஈரமாக, கசங்கி, உப்பு வாடையோடு இருந்தது. உதறியதும் தரையெல்லாம் மணல். பக்கத்துக் காம்பரா அக்காவின் காலடிச் சத்தம் கேட்டு அவசரமாகக் கூட்டித் தள்ளினேன்.

"எப்படிக்கா எடுத்தாங்க?" என்று கேட்டார் அந்த அக்கா.

"நல்லா எடுத்தாங்க. கூட்டம் தாங்கல. அந்தக் கடைசிப் புள்ளதான் பாவம்," என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே ஒரு நிமிடம் நெஞ்சு பக்கென்றது.

அக்கா போனபிறகு கிட்டே போய் உட்கார்ந்தேன். "கடலு எப்படி அத்தை இருந்துச்சு?"

"எங்கடி பாத்தேன்?" என்றார். முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. "ஒங்க மாமா பேசிக்கிட்டே இருந்தாரு."

"மாமாவா? என்ன பேசுனாங்க?"

மாமியார் அடுப்பை ஊதக் குனிந்தார். ஊத முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அத ஒங்கிட்ட எதுக்குடி சொல்லணும்?"