மத்தியான ரயிலில் இறங்குகிறவர்

ஹால்ட் ஏஜென்ட் என்றால் ரயில்வேக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட் விற்றால் கமிஷன், விற்காவிட்டால் கொசுக்கடி, அவ்வளவுதான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வளர்க்கும் அன்பர்களுக்கு என் பாடு புரியும். சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஸ்டேஷனில் ஒரு காலத்தில் மாஸ்டர், போர்ட்டர் எல்லாரும் இருந்தார்கள். மீட்டர் கேஜ் போனதும் அவர்களும் போய், ஒரு ஜன்னலும் நானும்தான் மிச்சம்.

எறங்கட்டும்

சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம். ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் கார்டு பச்சைக் கொடியைக் காட்டாமல் கடைசிப் பெட்டியின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெயிலைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளம்பலாம் என்று கையாட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரியவரு ஒருத்தரு எறங்குறாரு, கண்ணு தெரியலையாண்ணே? எறங்கட்டும்."

முள்ளுக்குள்ளே

பழைய பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சீமைக்கருவேலம் மண்டி, ஆடுகூட உள்ளே நுழையாது. ஒத்தக்கடையிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு பெண், திரும்பிப் போக மதுரைக்கு டிக்கெட் வாங்கினார். எங்கள் ஊர்க் கதை எதுவும் அறியாதவர். வாங்கிய பிறகும் நகராமல், ஜன்னலில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, அங்கிட்டு முள்ளுக்குள்ள ஒரு தாத்தா நின்னுக்கிட்டு, ரயிலு நிக்குமா, நிக்குமான்னு கேக்குறாரு. நிக்கும்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

டீக்கடை வரலாறு

என் மனைவி மிஷன் பள்ளி டீச்சர். ஜெபம் பண்ணச் சொன்னாள். டீக்கடை பாண்டியோ வரலாறு சொன்னான். வெள்ளைக்காரன் பாதை போட்டபோது ஒரு சம்சாரி தன் வயலைக் கொடுத்தாராம். ரயில் இங்கே நிற்க வேண்டும், தன் நிலத்தில் தானே இறங்க வேண்டும், அதுதான் அவர் கேட்டது. முதல் ரயில் வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். நான் வேலையை விட்டுவிடலாமா என்று பாண்டியிடமே கேட்டேன்.

"நின்னுச்சான்னு பாக்காமப் போன மனுசன், மாப்ள. வந்து பாத்துட்டுப் போறாரு. ஒன்னைய என்ன செய்யுறாரு?"

அதிகாரி வந்த நாள்

மத்தியான ரயிலுக்கு ஆள் குறைவு, நிறுத்தத்தை எடுத்துவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். எடுத்தால் என் பிழைப்பு போச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் பஸ்ஸுக்கு மெயின்ரோடு வரை நடக்க வேண்டும். ஊரையே திரட்டி நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். அன்று பார்த்து ஊரே கெடாவெட்டுக்குப் போய்விட்டது.

சித்திரை வெயில். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. பிளாட்பாரத்தில் அவரும் நானும்தான். ரயில் வந்தது, ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அதிகாரி சட்டென்று விலகி யாருக்கோ வழிவிட்டார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஊரே இல்லாத நாள்லயும் ஒருத்தர் இறங்குறாரே, நிறுத்தம் இருக்கட்டும். ஆனா வயல்லேர்ந்து இப்படி ஈரச் சேத்துக் காலோட ரயில்ல ஏறக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லி வைங்க."

ரயில் இன்றும் நிற்கிறது அன்பர்களே. டிக்கெட் வாங்குகிற அத்தனை பேரும், விற்கிற நானும், டிக்கெட்டே வாங்காத ஒருவர் தயவில்தான் பிழைக்கிறோம்.