தளம் எண்ணிய ஒரே ஆள்

இணையத்தில் பாடம் நடத்துவது எப்படி என்று விரிவுரையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். சொல்லிக்கொடுப்பது என்று பேருக்குத்தான், பெரும்பாலும் திட்டு வாங்குவதுதான். "எனக்கு வெள்ளப் பலகையே போதும்லா, இந்தக் கர்மமெல்லாம் எதுக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். நானா இதைக் கண்டுபிடித்தேன்?

திட்டாத ஒரே ஆள் கணக்கியல் நடத்தும் அக்கா. பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்கு ஒப்பந்த வேலை. அது நீடிக்க வேண்டுமானால், அவருடைய இணைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளாவது இருப்பதாகப் பல்கலைக்கழகத் தளம் காட்ட வேண்டும். புது விதி. கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். வீட்டில் இவர் சம்பளம்தான். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட என்னை விடமாட்டார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். பாடத்தைப் பதிவு செய்ய, கேள்வி வைக்க, திரையைப் பகிர என்று எல்லாம் கற்றுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைவிட அழகாகச் செய்தார்.

அந்த எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை வகுப்பன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். வந்த விதம்தான் கூத்து. பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள், அந்தப் பக்கம் லைன் கிடைப்பதில்லை. அதனால் வகுப்பே திரண்டு சிம்பாங் பூலாய் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடைக்குப் போய், ஒரே மடிக்கணினிக்கு முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேசை முழுக்க தே தாரேக் என்ற ஆற்றிய பால் தேநீர். பின்னால் ஒருவர் ரொட்டி வீசிக்கொண்டிருந்தார்.

"வணக்கம் டீச்சர்!" கடையே அதிர்ந்தது.

"எல்லாரும் வந்துட்டாங்க, பாத்தீங்களா தம்பி?" அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

நான் எண்ணிக்கையைப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் வருகை: ஒருவர்.

ஒரு கணினி, ஒரு பெயர், ஒரு ஆள். தளத்துக்கு அவ்வளவுதான் தெரியும். ஒரு புத்தகத்தை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து படித்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். தனித்தனியாக வர வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

"அக்கா, அவங்கவங்க போன்ல தனித்தனியா உள்ள வரச் சொல்லுங்க."

"எதுக்குத் தம்பி, இங்கதான் இருக்காங்களே?"

"சொல்லுங்கக்கா, ப்ளீஸ்."

சொன்னார். அத்தனை போனும் கடையின் ஒரே வைஃபையில் பாய்ந்தன. முகங்கள் அப்படியே உறைந்தன. பிறகு மொத்தமாகக் காணோம். அந்த ஒருவரும் போய்விட்டார்.

கடைசியில் பழையபடி ஒரே கணினியில் வந்து சேர்ந்தார்கள். அக்கா தேய்மானக் கணக்கு நடத்தினார். அந்தக் கடைக்காரரின் ரொட்டிக் கல்லையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அப்படி ஒரு வகுப்பை நான் இணையத்தில் பார்த்ததே இல்லை.

மறுநாள் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். "சார், நான் கண்ணால பாத்தேன். கிளாஸ் முழுக்க இருந்துச்சு."

"நான் இல்லேன்னா சொல்றேன்? சிஸ்டத்துல ஒருத்தர்தான் இருக்கு. என்னைய என்னா செய்யச் சொல்றீங்க?"

கத்தலாம் போலிருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது? அவரையும் மேலே இருப்பவர்கள் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பாவம், அவர் முகமும் செத்துப்போயிருந்தது. "கடைசி கிளாஸ் முடிஞ்சதும் கான்ட்ராக்ட் முடிக்கிற லெட்டர் போவும். அதுவரைக்கும் வாயத் தொறந்துறாதீங்க," என்றார்.

கடைசி வகுப்பன்று காலையில் அக்கா வீட்டிலிருந்து போன் செய்தார். "தம்பி, உள்ள விடமாட்டேங்குது. பாஸ்வேர்ட் தப்புன்னு வருது."

என் திரையைப் பார்த்தேன். அவர் பெயரை நீக்கியிருந்தார்கள். கடிதம் போகும்வரைகூட யாருக்கோ பொறுக்கவில்லை. திரும்பச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

"பிள்ளைங்க கடையில வந்து உக்காந்துட்டாங்க தம்பி. பரீட்சைக்கு முந்தி கடைசி கிளாஸ்லா. சீக்கிரம் சொல்லுங்க."

அவர் பெயர் இல்லாத பட்டியலை இன்னொரு முறை தேடிப் பார்த்தேன்.

"மறுபடி அடிச்சுப் பாருங்கக்கா. மெதுவா."

ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே அடிப்பது கேட்டது.

"இல்ல தம்பி," என்றார். "நான்தான் இன்னும் சரியாக் கத்துக்கல போல இருக்கு."