கடிக்கிற மெஷின்

துணி துவைக்கிற மெஷின் என் அம்மாவைக் கடித்தது என்று சொன்னால் இப்போது பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான் சிரிக்கவில்லை. பத்து நாளைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இலங்கையில், ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டனுக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் ஊருக்குத் திரும்பாத காலம். நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவின் அண்ணன்தான் எங்களுக்கு எல்லாம். மாமா ஸ்டோரில் எஞ்சின் பார்ப்பவர். தேயிலை அரைக்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற எந்திரம் ஒன்று கரண்ட் உண்டாக்கும். அது ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் போகும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வராது. எங்களுக்குக் குப்பி விளக்கு. ஆகவே கரண்ட் என்றால் என்னவென்று லயத்தில் தெரிந்த ஒரே மனிதர் மாமாதான். அதை நாங்கள் மறந்துவிடாதபடி அவரும் பார்த்துக்கொள்வார். அவர் சொல்லித்தான் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு பங்களா வேலைக்குப் போனாள்.

மெஷின் கப்பலில் வந்தது. வெள்ளை எனாமல் பூசிய பெரிய பீப்பாய் போல இருக்கும். மேலே துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள், பக்கத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி. மாமாதான் பெட்டியை உடைத்து, சமையல் குசினிக்குப் பின்னால் இருந்த துவைக்கிற அறையில் அதை நிறுத்தி, வயரைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். துரையின் மனைவி துரைசாணி சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார் என்று அம்மா வந்து சொன்னாள். அன்றைக்கு மாமா லயத்துக்குள் நடந்து வந்த நடையை நான் இன்னும் மறக்கவில்லை. துரை காலில் போட்டுக் கழித்த ரப்பர் அடி சப்பாத்து ஒரு ஜோடி அவரிடம் இருந்தது. அது அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் சாயங்காலம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாமா வந்ததும் சொன்னாள்.

"அந்த மெஷின் கடிக்குதுண்ணே. எறும்பு கடிக்கிற மாதிரி இல்ல. உள்ளுக்குள்ள எலும்பப் புடிச்சுக் கடிக்குது."

மாமா சிரித்தார். "என் கையால பூட்டுனது புள்ள. அதுல என்ன கோளாறு வரும்? பயந்துக்கிட்டே தொட்டா அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் அம்மா துரைசாணியிடமும் சொல்லியிருக்கிறாள். துரைசாணிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அறைக்குள் வந்து மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்து, "பார். ஒன்னும் இல்லே. பயம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை அது கடிக்கவில்லை. அம்மாவை மட்டும்தான் கடித்தது.

லயத்தில் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கப்பலில் செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரி அந்தப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டு வந்துவிட்டாளாம். அவளுக்குத் தன் சாதிக்காரி துரைசாணியைத் தெரியும், அதனால் விட்டுவிடுகிறாள். அம்மாவைத் தெரியாது. எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து காலையில் அம்மா பங்களாவுக்குப் படியேறும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவேன். அம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போவாள். வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்று ஒரு வழி இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், அழுகை தாங்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துவைக்கிற அறையின் வாசலில் உட்காரச் சொன்னாள். "உள்ள வராத" என்றாள். சிமெந்துத் தரையெங்கும் சவர்க்காரத் தண்ணீர். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு அதில் நின்றாள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா முதலில் விரல் நுனியால் அதைத் தொட்டாள், வெடுக்கென்று கையை எடுத்தாள், குளிர்ந்த ஆற்றில் இறங்குகிறவளைப் போல மறுபடி தயங்கித் தொட்டாள். அப்படித்தான் தினமும் வேலை செய்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு படுக்கை விரிப்பு உருளையில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க அம்மா இரும்புக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தோள் நடுங்கியது. கண் என்னைத்தான் பார்த்தது, ஆனால் என்னை அதற்குத் தெரியவில்லை. மெஷின் அம்மாவைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். எழுந்து அவளை இழுக்க ஓடினேன்.

"அல்லன்ட எப்பா!"

தொடாதே என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு குசினியிலிருந்து அப்பு ஓடிவந்தான். பங்களாவின் சமையற்காரன், கிழவன். என் சடையைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே எறிந்தான். பிறகு சுவரோரமாகப் போய் வயரைப் பிடுங்கினான். உறுமல் நின்றது. அம்மா ஈரத் துணி மாதிரி தரையில் சரிந்தாள்.

நான் அம்மா செத்துப்போனாள் என்றே நினைத்தேன். அப்பு அவள் முகத்தில் தண்ணீர் அடித்தான். வெகு நேரம் கழித்து அவள் இருமினாள். உள்ளங்கையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, கொப்புளம் கட்ட ஆரம்பித்திருந்தது.

துரைசாணி வந்து பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை. அவர் கையாலேயே சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார். ஆனால் வயரைத் திரும்பச் சொருகச் சொல்லி, மெஷினைத் தொட்டும் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் முகம் மாறியது. அம்மாவுக்கு வலிப்பு நோய் இருக்கிறதா என்று அப்புவிடம் கேட்டார். வலிப்புக்காரியைப் பங்களாவில் வைத்துக்கொள்ள முடியாது, வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனாலும் அம்மா விழுந்த வேகத்தில் மெஷினுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று பயந்து மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

மாமா வந்தார். நேராக மெஷினிடம் போய் மேலே கை வைத்தார். கைப்பிடியைப் பிடித்தார். அசையாமல் நின்றார்.

"ஒன்னும் இல்லீங்க தொரசாணி. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பயம் எங்கே போனதோ தெரியவில்லை, வாசலில் நின்று கத்தினேன்.

"சப்பாத்தக் கழட்டிட்டுத் தொடுங்க மாமா! அம்மா சப்பாத்தா போட்டிருக்கு?"

எனக்குக் கரண்டைப் பற்றி எதுவும் தெரியாது. சப்பாத்துப் போட்டவர்களுக்கு மெஷினுக்குள் இருக்கிற அந்த வெள்ளைக்காரி மரியாதை கொடுக்கிறாள் என்றுதான் நினைத்துச் சொன்னேன். மாமா என்னை அறைய வருவதைப் போலத் திரும்பினார். பிறகு நின்றுவிட்டார். அம்மாவின் காலைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். துரைசாணியின் காலைப் பார்த்தார். அவர் காலிலும் தடித்த அடி சப்பாத்து. மாமா குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"வேணாண்ணே" என்றாள் அம்மா. அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

மாமா பாதியில் நிறுத்தினார். எழுந்து ஸ்டோருக்குப் போனார். திரும்பி வருவதற்குள் பனி இறங்கி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த வெள்ளைப் பீப்பாய் எங்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தது. நான் அதன் முதுகைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மாமா கொண்டுவந்தது ஒரு குண்டு பல்பு. அதிலிருந்து இரண்டு வயர் தொங்கியது. ஒன்றைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். மற்றதன் செம்பு நுனியை மெஷினின் உடம்பில் வைத்தார்.

பல்பு எரிந்தது.

பங்களா விளக்கு எரிவதைப் போலவே பளிச்சென்று எரிந்தது. துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். மாமாவின் கையில் பல்பு ஆடியதால் எங்கள் நிழல்கள் சுவரில் ஆடின. என் அம்மாவின் உடம்பு வழியாகப் போனது இதுதான் என்று அப்போது ஒரு நொடி எனக்குப் புரிந்தது. உடனே வாந்தி எடுத்தேன்.

வயரைப் பிடுங்கிவிட்டு மாமா மெஷினின் பின் தகட்டைக் கழற்றினார். உள்ளே மோட்டாருக்குப் போகிற வயர் ஒன்று, ஆடி ஆடி இரும்பில் உரசி, தோல் உரிந்து செம்பு தெரிந்தது. துரைசாணியைக் கூப்பிட்டுக் காட்டினார். வேறு வயர் போட்டுச் சுற்றிக் கட்டினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கடைசியாகச் சுவரில் சொருகுகிற பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பாணியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிவப்பு வயர், கறுப்பு வயர் இரண்டும் இருந்தன. பச்சை ஒன்று ஒட்ட வெட்டப்பட்டு, மடக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"அது என்ன?" என்று துரைசாணி கேட்டார்.

மாமா பிளக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கொப்புளம் கட்டிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "எலிங்க தொரசாணி. இங்க எலித் தொல்ல ஜாஸ்தி. கண்டதையும் கடிச்சுப் போடுது" என்றாள்.

அந்த அறையில் நான் எலியைப் பார்த்ததே இல்லை. எலி டேப் சுற்றாது என்பதும் எனக்குத் தெரியும். அம்மா பொய் சொல்கிறாள், துரைசாணி கண்டுபிடிக்கப்போகிறார் என்று பயந்தேன். நல்ல வேளை, துரைசாணி எலி என்றதும் தரையைத்தான் பார்த்தார்.

அன்று பின்னேரம் மாமா அறைக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ஓர் இரும்புக் குழாயை ஆழமாக இறக்கினார். மெஷினிலிருந்து ஒரு கம்பி இழுத்து அதில் முடிந்தார். லயத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கப்பல்காரியை மண்ணில் கட்டிப்போட்டுவிட்டார். அம்மா அதன் பிறகும் அங்கேதான் துவைத்தாள். மெஷின் கடிக்கவில்லை.

பல வருஷம் கழித்து, மாமாவும் போன பிறகு, மாத்தளை டவுனில் நாங்கள் வீடு எடுத்திருந்தபோது அம்மா ஒரு நாள் பேச்சுவாக்கில், மாமா கடைசிக் காலத்தில் தன்னிடம் ஒப்புக்கொண்டதைச் சொன்னாள். மெஷின் வந்த அன்று வயரில் மூன்று கம்பி இருந்தது. பங்களாச் சுவரில் இரண்டு ஓட்டைதான். பச்சைக் கம்பியை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியும். ஸ்டோரில் ஒவ்வொரு மோட்டாருக்கும் அவரே செய்திருக்கிறார். அதற்கு ஒரு நாள் வேலை பிடிக்கும். துரைசாணியோ பக்கத்திலேயே நின்று, இப்போதே ஓட்டு என்கிறார். சின்ன மெஷின்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார். பிறகு மறந்தும்விட்டார். அந்தக் கம்பி இருந்திருந்தால் வயர் உரசிய அன்றே பியூஸ் போய் மெஷின் நின்றிருக்கும்.

"அம்மா, அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கரண்டப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எங்கண்ணன் மூஞ்சி தெரியும்" என்றாள். துரைக்குத் தெரிந்திருந்தால் மாமாவுக்கு வேலையும் போயிருக்கும், இருக்கிற ஒற்றை அறைக் காம்பிராவும் போயிருக்கும் என்றாள்.

இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்? மெஷினை அடக்கிய மாமாவின் மருமகள் நான். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரிடமும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: சப்பாத்து, பல்பு, கறுத்த டேப், எல்லாம். "எங்க மாமாதான் அம்மாவக் காப்பாத்துனாரு" என்று நான் சொன்ன இடத்தில் பின்னாலிருந்து வந்து மாமா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டு அடித்ததில்லை. அடித்துவிட்டு என்னைவிட அவர்தான் அதிகமாக நடுங்கினார்.

அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா மாமாவைத் திட்டவில்லை. ஒற்றைக் கையால் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாமாவுக்கு யாராச்சும் புகழ்ந்து பேசுனா புடிக்காதும்மா" என்றாள்.

அதுவரைக்கும் அவரிடம் அப்படி ஒரு குணத்தை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சொன்னது அம்மா. எவ்வளவு அடக்கமான மனிதர் என்று வியந்தபடி, எரிகிற கன்னத்தைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனேன்.