அரங்கசாமி மெஸ்ஸில் சாப்பிட மறுத்த குஞ்சு

பீளமேட்டில் பம்பு செட் கம்பெனிகளுக்கு நடுவே மெஸ் நடத்திய அரங்கசாமியிடம் யாரும் "போதும்" என்று சொல்லித் தப்பித்ததில்லை. இலையை மடிக்கக் கை போனால், அதற்குள் ஒரு கரண்டி சோறு வந்து விழும். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, வேலைக்குப் போற உடம்பு" என்பார். மறுத்தால் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமலே பாதிப் பேர் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருடம் அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு பறவைக் குஞ்சு வந்து சேர்ந்தது. உக்கடத்துக்கு மீன் வாங்கப் போனவர், வீட்டில் கூண்டு வைத்துப் பறவை வளர்த்து விற்கும் சாஜிதா பேகத்திடம் அதைப் பார்த்தார். காக்டீல் என்று பெயர்; கொண்டை வைத்த கிளிச்சாதி. தாய் ஒதுக்கிவிட்ட குஞ்சு. "பசியில கத்துது அம்மணி, பார்த்துட்டு எப்படிப் போறது" என்றவர், மீனை மறந்துவிட்டுக் குஞ்சோடு வீடு திரும்பினார்.

வீட்டோடு சேர்ந்த மெஸ் சமையற்கட்டில் புகை படாத மூலையில் அதற்கு இடம். ஊசி கழற்றிய சிரிஞ்சில் ராகிக்கூழ் ஊட்டினார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். குஞ்சு தலையை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். போதும் என்றே சொல்லாது. இப்படியொரு வாடிக்கையாளர் அவருக்கு அதுவரை அமைந்ததில்லை.

இறகு முளைத்துத் தத்தித் தத்திப் பறக்கத் தொடங்கியதும் வந்தது வினை. சிரிஞ்சைக் கண்டாலே குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டது. இனி அது தானாகக் கொத்தித் தின்ன வேண்டிய வயது. அதையும் செய்யவில்லை. ஊறவைத்த கம்பு, முளைகட்டிய பயறு, வேகவைத்த மக்காச்சோளம் எல்லாம் கிண்ணத்தில் காய்ந்து கிடந்தன. தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்தியது. அரங்கசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் கூரையின் கீழ் ஓர் உயிர் பட்டினியில் போய்விடுமோ என்று நினைத்து அழுதேவிட்டார். சாம்பாரில் உப்புக் கூடியது. யாரும் சொல்லத் துணியவில்லை.

கடைசியில் மெஸ்ஸுக்கு அரை நாள் லீவு விட்டு, மனைவி ராமாமணியையும் கூட்டிக்கொண்டு, கூண்டோடு உக்கடம் ஓடினார்.

சாஜிதா பேகம் குஞ்சைத் தடவிப் பார்த்தாள். "நோவு ஒண்ணும் இல்லைங்ணா. பக்கத்துல யாராச்சும் தின்னாத்தான் இது பார்த்துத் திங்கும். இங்க மத்த பறவைக இருக்குது. உங்கூட்டுல நீங்கதான். அது முன்னால உக்காந்து சாப்புடுவீங்கல்ல?"

 ராமாமணிதான் பதில் சொன்னாள். "கண்ணாலமாகி இத்தன வருசத்துல இவரு உக்காந்து சாப்பிட்டு நானே பார்த்ததில்லீங்க."

உண்மைதான். ஒருத்தர் பசியோடு காத்திருக்கும்போது தான் இலை முன்னால் உட்காருவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மெஸ்ஸில் எப்போதும் யாராவது காத்திருந்தார்கள். அதனால் பின்வாசலில் நின்றபடியே ஒரு சொம்பு மோர்ச்சோற்றைக் குடித்துவிட்டு ஓடி வந்துவிடுவார். அவர் ஊட்டுவதைத்தான் குஞ்சு பார்த்திருக்கிறது; அவர் சாப்பிடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம், மெஸ்ஸில் கூட்டம் நெருக்கும் நேரத்தில், ராமாமணி சமையற்கட்டில் இலை போட்டாள். குஞ்சுக்கு ஆகாது என்று உப்பில்லாமல் வேகவைத்த மக்காச்சோளத்தை அதில் கொட்டினாள். அரங்கசாமி சம்மணம் போட்டு, குஞ்சை முழங்காலில் உட்காரவைத்து, ஒவ்வொரு மணியாக வாயில் போட்டுச் சத்தமாக மென்றார்.

"சப்புனு இருக்குது," என்றார்.

"பேசாம சாப்புடுங்க."

குஞ்சு அவர் வாயையே பார்த்தது. இறங்கி இலையோரம் நடந்தது. ஒரு மணியைக் கவ்விக் கீழே போட்டது. இன்னொன்றைக் கவ்வி நாக்கால் உருட்டியது. அரங்கசாமி மென்றதை விழுங்க மறந்தார்.

கூடத்திலிருந்து இரும்பு வார்க்கும் பவுண்டரியின் மேஸ்திரி குமாரசாமி குரல் கொடுத்தார். "ஏனுங்ணா, சாம்பார் வருமுங்களா?"

பழக்க தோஷம், அரங்கசாமி பாதி எழுந்துவிட்டார். ராமாமணி அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். குஞ்சு மணியின் தோலைத் துப்பிவிட்டு உள்ளிருந்ததை விழுங்கியது. அடுத்ததற்குக் குனிந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"வாளி அங்கதான் இருக்குதுங்க," என்றார். "நீங்களே ஊத்திக்குங்க. நாங்க சாப்பிட்டுட்டு இருக்கறோம்."