மாமா கழற்றிய மோதிரம்

அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்த்தார். ஏசி ரூமில் உட்கார்ந்து மீட்டர் பார்க்கிற வேலை என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் செங்கோட்டையில் பெண் கொடுத்தார்கள். அம்மாவும் அதை நம்பித்தான் தென்காசி முழுக்கப் பெருமை அடித்திருந்தாள்.

மறுவீட்டு விருந்தில் வம்பு வந்தது. கறிச்சோறு பாதி இறங்கியிருக்கும், பெண்ணின் அப்பா மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிட்டயரான போலீஸ்காரர். அவர் சும்மா பார்த்தாலே விசாரிப்பது போலிருக்கும்.

"மாப்பிள்ள, நான் போட்ட மோதிரம் எங்க?"

"சட்டப்பைல இருக்கு மாமா."

"கல்யாணத்தன்னைக்கே கழத்திட்டீயளாம். எம்மவ சொல்லுதா. மோதிரம் பிடிக்கலையா, இல்ல அங்கன வேற யாரும் இருக்காளா?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. புது அத்தை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமா மோதிரத்தை எடுத்துப் போட்டார். விரலையே பார்த்தார். அடுத்த நிமிடமே கழற்றி இலையோரம் வைத்துவிட்டார். எனக்கு ஏழு வயது, பக்கத்து இலை. போட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

பெண்ணின் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மகளை அன்றைக்கே வீட்டோடு நிறுத்திக்கொள்வார் போலிருந்தது. அப்போதுதான் மாமா இலையைப் பார்த்தபடியே வாய் திறந்தார்.

"ரிக்குல மோதிரம் போடக்கூடாது மாமா. எங்கூட வேல பாத்த பய, கல்யாணம் ஆன புதுசு, கழத்தமாட்டேன்னுட்டான். ஏணில இருந்து குதிச்சான். மோதிரம் கொக்கியில மாட்டிக்கிட்டுது. ஆளு கீழ வந்துட்டான், விரலு வரல."

"ஏசி ரூம்ல ஏணி எதுக்குலே?" என்று அம்மா கேட்டாள்.

"நான்தான் ஏறி அந்த விரல எடுத்தேன்" என்றார் மாமா.

பெண்ணின் அப்பா மெதுவாக உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் சாப்பிடவில்லை. அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். இலையோரம் கிடந்த மோதிரத்தை எடுத்து, தன் தாலிக் கயிற்றில் கோத்து முடிந்துகொண்டாள்.

"இனி இது எங்கிட்டயே கெடக்கட்டும். நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை பேர் பார்க்க என் மாமாவின் பவுன் மோதிரத்தைத் தட்டிப் பறித்துவிட்டாளே, சரியான கைகாரி! திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம் அதையே சொல்லிச் சொல்லிப் பொருமினேன். அம்மா தென்காசி வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மோதிரம் போனதை நினைத்து அழுகிறாள், பாவம் என்று நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.